லேட்டா புரியுதா? அதுக்காக அவசரமா கையெழுத்து போடாதீங்க

ஏப்ரல் மாசம். ஆபீஸ்ல எச்.ஆர். கிட்ட இருந்து மெயில் வருது: பழைய வரி முறையா, புது வரி முறையா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. பக்கத்து சீட்டுக்காரர் அஞ்சு நிமிஷத்துல டிக் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடறார். நீங்க அந்த எக்ஸல் ஷீட்டை மூணாவது தடவையா திறந்து பார்த்துக்கிட்டு இருக்கீங்க. 80சி புரியுது. எச்.ஆர்.ஏ. பாதி புரியுது. ரெண்டையும் சேர்த்தா எது லாபம்னு மட்டும் புரியலை. யார்கிட்டயாவது கேட்கலாம்னு தோணுது. "இதுகூடத் தெரியாதா"ன்னு நினைச்சுடுவாங்களோன்னு அடுத்த நிமிஷமே தயக்கம் வருது. கடைசியில பக்கத்து சீட்டுக்காரர் எதை டிக் பண்ணாரோ அதையே நீங்களும் பண்ணிட்டு லேப்டாப்பை மூடிடறீங்க.

சம்பளம் வாங்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ண வரும்போது அடிக்கடி சொல்ற ஒரு வாக்கியம் இருக்கு: "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது சார், நான் ஸ்கூல்லயே டல்." இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. ஆனா அவங்க பாலிசி பேப்பரையும் லோன் பேப்பரையும் பார்த்தா, அந்த ஒரு நினைப்புக்காக எவ்வளவு பணம் போயிருக்குன்னு தெரியும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு விஷயத்தை நீங்க மெதுவா கத்துக்கறீங்கன்னா, அதுல இருந்து உங்க அறிவைப் பற்றி யாரும் பெருசா எதையும் முடிவு பண்ண முடியாது. நீங்க எங்கிருந்து ஆரம்பிச்சீங்க, யார் எப்படி சொல்லிக் கொடுத்தாங்க, எந்த மொழியில சொல்லிக் கொடுத்தாங்க, இதைப் பற்றித்தான் அது நிறைய சொல்லும்.

கடலூர்ல பிறந்த ரெண்டு பேர்

எங்க கடலூர்ல இருந்தே ஆரம்பிக்கறேன். 1906ல் திருப்பாதிரிப்புலியூர்ல சொ. விருத்தாசலம்னு ஒருத்தர் பிறந்தார். அப்பா அரசாங்க உத்தியோகம். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சின்னு ஊர் ஊரா ஆரம்பப் படிப்பு. அப்புறம் திருநெல்வேலி பக்கம் போய் அங்கே படிப்பைத் தொடர்ந்தார். இந்துக் கல்லூரியில பி.ஏ. முடிச்சது 1931ல், 25 வயசுல. இன்னைக்கு ஒரு கம்பெனி எச்.ஆர். அந்த ரெஸ்யூமைப் பார்த்தா முதல்ல என்ன கேட்பார்? "நடுவுல ஏன் இவ்வளவு கேப்?"

அவர்தான் புதுமைப்பித்தன். 1933ல் எழுத ஆரம்பிச்சு 1948ல் இறக்கறதுக்குள்ள, சுமார் 15 வருஷத்துல, தமிழ்ச் சிறுகதையையே மாத்திட்டுப் போனவர்.

அதே கடலூர்ல, மஞ்சக்குப்பத்துல 1934ல் பிறந்தவர் ஜெயகாந்தன். பள்ளிப் படிப்பு அஞ்சாம் வகுப்போட நின்னுபோச்சு. மிச்சத்தை கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துலயும் அச்சகத்துலயும்தான் கத்துக்கிட்டார். 1972ல் சாகித்ய அகாடமி விருது. அப்புறம் 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. "பார்த்தீங்களா, படிக்காதவங்கதான் ஜெயிப்பாங்க"ன்னு நான் சொல்ல வரலை. ரெண்டு மேதைகளைக் காட்டி ஊருக்கெல்லாம் விதி எழுதினா அது தப்பான ஆடிட். படிப்பு லேட்டானவங்க, பாதியில நின்னவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. அதுல ரெண்டு பேர் பேர்தான் நமக்குத் தெரியும். இவங்க ரெண்டு பேர் கதையும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நிரூபிக்குது: எத்தனை வயசுல, எத்தனை வருஷத்துல படிப்பை முடிச்சார்ங்கற மீட்டர், மூளையை அளக்க நம்பகமான மீட்டர் கிடையாது. அதுக்கு மேல பேசணும்னா டேட்டா வேணும்.

எங்க தொழில்ல நடக்கறது

சி.ஏ. பரீட்சையை எடுத்துக்குங்க. 2023 நவம்பர் ஃபைனல்ல ரெண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினவங்கள்ல பாஸ் ஆனது 9.42%. அப்படின்னா மிச்சம் 90 சதவீதத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு அறிவு இல்லையா? அவங்கள்ல நிறைய பேர் அடுத்தோ, அதுக்கடுத்தோ பாஸ் பண்ணி இன்னைக்கு உங்க கம்பெனிக்கே ஆடிட் பண்ணிக்கிட்டு இருக்கலாம்.

எங்க இன்ஸ்டிட்யூட்டுக்கே இது தெரியும். அதனாலதான் எக்ஸெம்ப்ஷன்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. ஒரு குரூப்ல எல்லா பேப்பரும் எழுதி, மொத்தத்துல ஃபெயில் ஆனாலும், ஏதாவது ஒரு பேப்பர்ல 60 மார்க் வாங்கியிருந்தா அடுத்த மூணு முயற்சி வரைக்கும் அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டாம். அதாவது, "கத்துக்கிட்டது கத்துக்கிட்டதுதான், மிச்சத்தை உன் வேகத்துல முடிச்சுட்டு வா"ன்னு பரீட்சையே சொல்லுது.

வேலை கொடுக்கற சில இடங்கள்ல "எத்தனை அட்டெம்ப்ட்?"னு கேட்பாங்க, உண்மைதான். முதல் வேலைக்கு அது தடையா இருக்கலாம். ஆனா ஒரு ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துக்குக் கீழே மெம்பர்ஷிப் நம்பர் போடணும், யு.டி.ஐ.என். நம்பர் போடணும். எத்தனை அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணேன்னு போட இடமே இல்லை. அந்த ரிப்போர்ட்டை நம்பி கடன் கொடுக்கற பேங்குக்கும் அது தேவைப்படலை.

ஓப்பனிங் பேலன்ஸும் வட்டி விகிதமும்

இப்போ டேட்டா. அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் கோடிங்கரும் அவரோட குழுவும் 2023ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆரம்பப் பள்ளியில இருந்து கல்லூரி வரைக்கும், கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்களை மாணவர்கள் கம்ப்யூட்டர்ல பயிற்சி செஞ்ச 27 தரவுத் தொகுப்புகள். மொத்தம் சுமார் 13 லட்சம் பதிவுகள். யார் வேகமா கத்துக்கறாங்க, ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் நோக்கம்.

அவங்களையே ஆச்சரியப்படுத்தின முடிவு இது. பயிற்சி ஆரம்பிக்கும்போது மாணவர்களுக்குள்ள பெரிய வித்தியாசம் இருந்தது. கீழ்ப்பாதியில இருந்தவங்க சுமார் 55% சரியா செஞ்சாங்க, மேல்பாதியில இருந்தவங்க சுமார் 75%. ஆனா ஒவ்வொரு தடவை பயிற்சி செய்யும்போதும் எவ்வளவு முன்னேறினாங்கன்னு பார்த்தா, பெரும்பாலும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான்: ஒரு தடவைக்கு சுமார் 2.5%.

கணக்குப் பாஷையில சொன்னா, ஓப்பனிங் பேலன்ஸ்தான் வேற வேற. வட்டி விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

தோராயமா ஒரு கணக்கு போடுவோம். 80% சரியா செஞ்சா தேர்ச்சின்னு வைங்க. 75ல் ஆரம்பிச்சவருக்கு ரெண்டு தடவை போதும். 55ல் ஆரம்பிச்சவருக்குப் பத்து தடவை வேணும். வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? "அவன் ரெண்டே தடவையில பிடிச்சுட்டான், இவனுக்குப் பத்து தடவை சொல்ல வேண்டியிருக்கு." ஒருத்தர் புத்திசாலி, இன்னொருத்தர் மந்தம். ஆனா ஒரு தடவைக்கு ரெண்டு பேரும் ஏறினது ஒரே படிதான்.

ஒரு நிபந்தனை உண்டு, அதையும் சொல்லிடறேன். அந்த மாணவர்களுக்கு நல்ல சூழல் இருந்தது. தப்பு பண்ணா உடனே தெரியும், குறிப்பு கிடைக்கும், திரும்ப முயற்சி பண்ணலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. நம்ம வகுப்பறையிலயும் ஆபீஸ்லயும் இது எல்லாருக்கும் கிடைக்கறதில்லை. அதுவே என் வாதத்துக்குப் பலம்தான்.

யாருக்கு எதுல பேலன்ஸ் குறைவு?

காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவருக்கு அசல் தெரியும், கூட்டு வட்டி தெரியும், தேய்மானம் தெரியும். சென்னைக்கு வந்து முதல் மீட்டிங்ல உட்காரும்போது அவர் காதுல விழறது பிரின்சிபல் அவுட்ஸ்டாண்டிங், காம்பவுண்டிங், டெப்ரிசியேஷன். மத்தவங்க ஒரு வேலை செய்யும்போது இவர் ரெண்டு வேலை செய்யறார்: முதல்ல மொழிபெயர்க்கறார், அப்புறம் புரிஞ்சுக்கறார். பத்து நொடி லேட் ஆகும். அந்தப் பத்து நொடியைத்தான் நாம "டல்"னு சொல்றோம்.

தலைகீழாவும் நடக்கும். கடலூர் ஓ.டி. பக்கம் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, பிடிச்ச மீனை வித்த காசுல டீசல் செலவைக் கழிச்சு, படகுக்காரருக்கு எவ்வளவு, வேலை செஞ்சவங்களுக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிக்கறது சின்ன வயசுலயே தெரியும். வலை நிறைஞ்சா பங்கு உண்டு, வலை காலியா வந்தா பங்கும் காலி. ஈக்விட்டின்னா என்னன்னு நான் ஒரு மணி நேரம் வீடியோ போட்டு விளக்கறதை அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்துல பிடிச்சுடும். பண்ருட்டி மண்டியில வளர்ந்த பொண்ணுக்கு கமிஷனும் கடனும் அப்படித்தான். அந்த விஷயத்துல அவங்க ஓப்பனிங் பேலன்ஸ் பெருசு. அதே பிள்ளை வரிப் படிவத்துக்கு முன்னாடி முழிச்சா, மூளை திடீர்னு சுருங்கிடுச்சுன்னா அர்த்தம்?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல 1979ல் தொலைதூரக் கல்வி ஆரம்பிச்சாங்க. வேலை பார்த்துக்கிட்டு, குடும்பத்தையும் பார்த்துக்கிட்டு, தபால்ல வந்த பாடப் புத்தகத்தை ராத்திரியில படிச்சு, முப்பது நாற்பது வயசுல டிகிரி முடிச்ச மனுஷங்க எங்க மாவட்டத்துல நிறைய. தொலைதூரக் கல்வியோட தரம் பற்றி விமர்சனங்கள் உண்டு, அது வேற விவாதம். ஆனா மூணு வருஷப் படிப்பை ஆறு வருஷத்துல முடிச்சவரைப் பார்த்து "ஸ்லோ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க முடிஞ்சதுன்னு கேட்கணும்.

அப்போ வேகத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கு. அதை மறைக்கறது நேர்மை இல்லை. பெரியவங்களுக்கு நடத்தற பிரபலமான வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையோட நாலாவது பதிப்புல நாலு பிரிவுகள் இருக்கு. அதுல ஒண்ணு, தகவலை எவ்வளவு வேகமா கையாள்றீங்கங்கறது. ஆனா நாலுல ஒண்ணுதான். மொழியைப் புரிஞ்சுக்கறது, வடிவங்களை வச்சு யோசிக்கறது, விஷயங்களை மனசுல வச்சுக்கிட்டு வேலை செய்யறது, இந்த மூணும் தனி. மூணு மணி நேரப் பரீட்சையில வேகம் வேணும். எமர்ஜென்சி வார்டுல வேகம் வேணும்.

பண விஷயத்துல? இருபது வருஷத்துக்கு போடற பணத்துக்கு இருபது நிமிஷத்துல முடிவு எடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்லை. உங்களை அவசரப்படுத்தறவருக்கு வேணும்னா மாசக் கடைசி டார்கெட் இருக்கலாம்.

வேகமா கத்துக்கிட்டதா நினைச்சு இறங்கறவங்க கதையை செபி எண்ணிக்கையாவே கொடுத்திருக்கு. 2021-22ல் இருந்து 2023-24 வரை மூணு வருஷத்துல, எஃப் அண்டு ஓ டிரேடிங் பண்ண தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல. இன்ட்ராடே டிரேடிங்ல 2022-23ல், 30 வயசுக்குக் கீழே இருந்தவங்கள்ல 76% பேருக்கு நஷ்டம். இவங்க யாரும் அறிவில்லாதவங்க கிடையாது. "மூணு நாள்ல ஆப்ஷன் கத்துக்கலாம்"னு யாரோ சொன்னதை நம்பி, புரியறதுக்கு முன்னாடி பணத்தைப் போட்டவங்களும் அதுல இருப்பாங்க.

வெட்கத்தோட விலை எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. ரெண்டு பேர். ரெண்டு பேராலயும் மாசம் ₹5,000 ஒதுக்க முடியும். 20 வருஷக் காலம்.

முதல் நபர், சொந்தக்காரர் கொண்டு வந்த சேமிப்பு பாலிசி புரியலை. கேட்டா மரியாதையா இருக்காதுன்னு அன்னைக்கே கையெழுத்து போடறார். வருஷத்துக்கு 5.5% கிடைக்குதுன்னு வைங்க. 20 வருஷம் கழிச்சு சுமார் ₹21.8 லட்சம்.

ரெண்டாவது நபருக்கு டெர்ம் இன்சூரன்ஸ் வேற, முதலீடு வேறன்னு புரியவே ஆறு மாசம் ஆகுது. அதுக்கப்புறம் இன்டெக்ஸ் ஃபண்டுல எஸ்.ஐ.பி. ஆரம்பிக்கறார். சராசரி 10%னு வச்சா, 19½ வருஷத்துல சுமார் ₹35.8 லட்சம். முதல் நாளே ஆரம்பிச்சிருந்தா சுமார் ₹38 லட்சம். 10%க்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. 8%தான் கிடைச்சாலும் சுமார் ₹28 லட்சம். டெர்ம் பாலிசிக்குத் தனியா பிரீமியம் போகும், அதையும் நினைவுல வைங்க.

ஆறு மாசம் மெதுவா கத்துக்கிட்டதோட விலை சுமார் ₹2 லட்சம். கூச்சப்பட்டு உடனே கையெழுத்து போட்டதோட விலை, அதே 10% கணக்குல, சுமார் ₹14 லட்சம்.

ஆனா இதையும் பாருங்க. அதே ரெண்டாவது நபர் "எனக்கு இதெல்லாம் புரியாது"ன்னு ஆறு வருஷம் தள்ளிப் போட்டார்னா, 10%லயே சுமார் ₹18.2 லட்சம்தான். அவசரப்பட்டவரை விடக் குறைவு. மெதுவா கத்துக்கறது வேற, கத்துக்காமலே இருக்கறது வேற. முதல்லது ஒரு செலவு, தாங்கலாம். ரெண்டாவது உங்க எதிர்காலத்தையே தின்னுடும். "நான் டல்"ங்கற வார்த்தை ரெண்டாவதுக்குத்தான் வழி விடுது.

சட்டமே உங்களுக்கு டைம் கொடுக்குது, பயன்படுத்துங்க

ஒண்ணு. ஆயுள் காப்பீட்டு பாலிசி ஆவணம் கைக்கு வந்ததுல இருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம் உண்டு. படிச்சுப் பார்த்துப் பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாம். சில சின்னப் பிடித்தங்கள் போக பிரீமியம் திரும்ப வரும். கையெழுத்து போட்ட பிறகு புரிஞ்சாலும் லேட் இல்லை, அந்த 30 நாளுக்குள்ள புரிஞ்சா போதும்.

ரெண்டு. ஏப்ரல்ல எச்.ஆர். கிட்ட சொல்ற வரி முறை, டி.டி.எஸ். பிடிக்கறதுக்கான தகவல்தான். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், ரிட்டர்னைக் கடைசித் தேதிக்குள்ள ஃபைல் பண்ணும்போது மாத்திக்கலாம். அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள உங்களுக்குப் புரியலைன்னா குடி முழுகிடாது. நிதானமா ரெண்டு விதமாவும் கணக்கு போட்டுப் பாருங்க.

மூணு. எந்த பாலிசியா, ஃபண்டா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? என் கைக்கு எவ்வளவு, எப்போ வரும்? நடுவுல நிறுத்தினா எவ்வளவு கிடைக்கும்? பதிலைத் தமிழ்ல, உங்க சொந்த வார்த்தையில மூணு வரி எழுதுங்க. எழுத வரலைன்னா அன்னைக்கு கையெழுத்து கிடையாது. விளக்கறவரால உங்களுக்குப் புரிய வைக்க முடியலைன்னா அதுல அவர் பங்கும் இருக்கு.

நாலு. அந்த ஆய்வுப்படி, ஒரு விஷயம் சராசரியா கைக்கு வரவே சுமார் ஏழு தடவை பயிற்சி ஆகுது. அதனால மூணாவது தடவையும் புரியலைன்னா அதிர்ச்சி ஆகாதீங்க, நீங்க இன்னும் பாதி தூரம்கூட வரலை. ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம்னு ஏழு வாரம் ஒதுக்குங்க. ஒவ்வொரு தடவையும் வீடியோவைத் திரும்பப் பார்த்தா மட்டும் பத்தாது. பேப்பர் எடுத்து உங்க சம்பளத்தையே வச்சு கணக்கு போடணும். தப்பு எங்கே வருதுன்னு தெரிஞ்சாதான் அந்த 2.5% ஏறும்.

இந்த வாரமே ஆரம்பிக்கணும்னா, உங்க சம்பள ஸ்லிப்பை எடுங்க. அதுல அர்த்தம் தெரியாத ஒரு வரி கண்டிப்பா இருக்கும். ஸ்பெஷல் அலவன்ஸா, ஈ.பி.எஸ்.ஸா, எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். திங்கட்கிழமை பேரோல்ல இருக்கறவர்கிட்ட போய் "இது என்ன, எப்படிக் கணக்கு போடறீங்க?"ன்னு கேளுங்க. பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் அது தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மிதான்.